பி.ஆர்.ஓ. ஆகலாம், பி.ஆர். வாத்தியார் ஆக முடியுமா?

2024 செப்டம்பர் முதல் வாரம். ஓணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. திருவனந்தபுரத்தில் குழாய்கள் வறண்டன. நாகர்கோவில் பக்கம் போகும் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்காக, தண்டவாளத்துக்கு அடியில் செல்லும் பெரிய குடிநீர்க் குழாய்களை மாற்றிப் பதிக்க வேண்டியிருந்தது. 48 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. மாநகராட்சியின் 44 வார்டுகள் தவித்தன. 9ஆம் தேதி திங்கட்கிழமை நகரத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டிய நிலை. கரமனை, நேமம் பக்கத்துத் தெருக்களில் குடத்தோடும் பக்கெட்டோடும் லாரிக்காகக் காத்து நின்றவர்களுக்கு இன்றும் அந்த நாட்கள் மறந்திருக்காது. நகரம் குடிக்கும் தண்ணீரே கரமனையாற்றுத் தண்ணீர்தான். மேலே அருவிக்கரையில் தேக்கி, சுத்திகரித்து, 1933இல் தொடங்கிய வில்லிங்டன் வாட்டர் வொர்க்ஸ் காலத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது, வீட்டுக் குழாயில் சொட்டு இல்லை.

பொறியாளர்களுக்கு அது குழாய்ப் பிரச்சினை. மக்களுக்கோ தண்ணீர் இல்லாததோடு இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. எப்போது வரும், லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. 48 மணி நேரம் என்று சொன்னதை நம்பி இரண்டு நாளுக்கு மட்டும் பிடித்து வைத்தவர்கள் மூன்றாம் நாள் என்ன செய்வார்கள்? இந்த இரண்டாவது பிரச்சினையைத் தீர்ப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதன் பெயர் மக்கள் தொடர்பு. ஊர் வழக்கில் சொன்னால் பி.ஆர்.

அந்தத் தொழிலை யார் செய்யலாம், யார் கற்றுக்கொடுக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நம் நாட்டில் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. மக்கள் தொடர்பு வேலை பார்க்க எந்தச் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. அதையே கல்லூரியில் கற்பிக்க வேண்டுமென்றால் முதுகலை, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று சான்றிதழ்கள் வரிசையாக வேண்டும். இருபது வருடம் நெருக்கடிகளைச் சமாளித்த பி.ஆர்.ஓ. ஒருவர் நிரந்தர ஆசிரியராக வகுப்புக்குள் நுழைய முடியாது. ஒரு பத்திரிகைக் குறிப்பைக்கூட வெளியிட்டுப் பார்க்காதவர் நுழையலாம். இரு தரப்பாரிடமும் பாதி அறிவுதான் இருக்கிறது. மாணவருக்கு முழுதும் கிடைக்க வேண்டுமென்றால் இருவரும் ஒரே கல்லூரியில் இருந்தாக வேண்டும்.

திறந்து கிடக்கும் வாசல்

டாக்டராக மருத்துவ கவுன்சில் பதிவு வேண்டும். வழக்கறிஞராக பார் கவுன்சில் பதிவு வேண்டும். பி.ஆர்.ஓ. ஆக அப்படி எந்தப் பதிவும் கிடையாது. விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டால் யாரும் பி.ஆர்.ஓ.தான்.

இதை உடனே குறையென்று தள்ளிவிட முடியாது. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்ற பிலிம் நியூஸ் ஆனந்தனையே எடுத்துக்கொள்ளலாம். 1958இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தோடு அந்த வேலை தொடங்கியது. அதுவரை படக் கம்பெனிக்கும் பத்திரிகைக்கும் நடுவே இப்படி ஒரு ஆள் தேவை என்றே யாரும் நினைத்திருக்கவில்லை. அவர் கையில் கேமரா இருந்தது, பத்திரிகை அலுவலகங்களோடு பழக்கம் இருந்தது, எந்தத் தகவலையும் எழுதி வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கினால்தான் அவருடைய சேகரிப்பு பின்னாளில் தமிழ் சினிமா ஆய்வாளர்களுக்கெல்லாம் முதல் ஆதாரமானது. 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெரிய நூலாகவும் வந்தது. 2016இல் அவர் மறைந்தபோது ஒரு தொழிலின் முதல் தலைமுறையே விடைபெற்றது போலத்தான் திரையுலகம் பேசியது. அந்த வாழ்க்கைக்கு முன்னால் எந்தப் பட்டயமும் வைக்கப்படவில்லை.

அரசு வேலையில் மட்டும் வாசலில் கொஞ்சம் கெடுபிடி உண்டு. தமிழ்நாட்டில் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. கலெக்டர் அலுவலகங்களில் அதன் பி.ஆர்.ஓ.க்கள் இருக்கிறார்கள். 'தமிழரசு' இதழ் அங்கிருந்துதான் வருகிறது. கேரளத்தில் அதற்கு இணையானது பி.ஆர்.டி. என்று எல்லோரும் சொல்லும் தகவல் மக்கள் தொடர்புத் துறை. 14 மாவட்டங்களிலும் அதற்குத் தகவல் அலுவலகங்கள் உண்டு. மலையாளத்தில் 'ஜனபதம்', ஆங்கிலத்தில் 'கேரளா காலிங்' என்று இதழ்களும் நடத்துகிறது. நிரந்தரப் பணியிடங்கள் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் இருக்கும் பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படுகின்றன. இது போக 'பிரிசம்' என்ற திட்டத்தில் சப் எடிட்டர், கன்டென்ட் எடிட்டர், இன்பர்மேஷன் அசிஸ்டன்ட் என்று ஒப்பந்தப் பேனல் போடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் இதழியல் அல்லது மக்கள் தொடர்பில் பட்டமோ பட்டயமோ கேட்கப்படும். பத்திரிகை அனுபவமும் கேட்பதுண்டு.

தனியார் பக்கம் போனால் கேள்வியே வேறு. மருத்துவமனையோ நகைக்கடையோ ஐ.டி. கம்பெனியோ, நேர்காணலில் முதலில் கேட்பது எழுதிய வேலையைக் காட்டச் சொல்லித்தான். சான்றிதழ் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

சான்றுக்காகப் போராடியவர்கள்

இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டுமா என்ற விவாதத்துக்கு நூறாண்டு நெருங்குகிறது. அமெரிக்காவில் எட்வர்ட் பெர்னேஸ் 1923இல் பொதுக்கருத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புக்கென்று வகுப்பும் எடுத்தார். தொழிலிலிருந்து நேராகக் கரும்பலகை முன்னால் வந்து நின்ற முதல் ஆட்களில் ஒருவர் அவர். 1995இல், 103 வயதில் மறையும்வரை அவர் விடாமல் கேட்டது ஒன்றுதான்: டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போல பி.ஆர். ஆட்களுக்கும் அரசு உரிமம் வேண்டும், தகுதியில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அது நடக்கவில்லை. ஒருவர் சார்பாகப் பேசுவதற்கு அரசிடம் அனுமதி வாங்கச் சொன்னால் அது பேச்சுரிமையில் கை வைப்பது ஆகாதா என்ற எதிர்வாதம் அங்கே வலுவானது.

அதனால் உரிமம் இருக்க வேண்டிய இடத்துக்கு அங்கீகாரம் வந்தது. அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 1964இல் ஏ.பி.ஆர். என்ற தகுதியைத் தொடங்கியது. அதைப் பெறும் முறை கவனிக்க வேண்டியது. விண்ணப்பிப்பவர் தான் செய்த வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே அந்தத் தகுதி பெற்ற மூத்தவர்கள் முன்னால் உட்கார வேண்டும். பிரச்சினை என்ன, எப்படி ஆராய்ந்தாய், என்ன திட்டம் போட்டாய், என்ன நடந்தது, பலனை எப்படி அளந்தாய் என்று கேட்பார்கள். அதைத் தாண்டினால் எழுத்துத் தேர்வு. தேறிய பிறகும் மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இதில் அனுபவமும் படிப்பும் ஒரே மேசையில் சோதிக்கப்படுகின்றன. பிரிட்டனில் 1948இல் தொடங்கிய சங்கத்துக்கு 2005இல் அரச சாசனம் கிடைத்தது. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் போல அங்கே சார்ட்டர்டு பி.ஆர். ஆட்கள் இருக்கிறார்கள். சட்டமே போட்ட நாடுகளும் உண்டு. பிரேசில் 1967லேயே இந்தத் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. நைஜீரியா 1990இல் அப்படிச் செய்தது.

இந்தியாவில் பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1958இல் பிறந்தது. 1968 ஏப்ரல் 21இல் டெல்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாட்டில் தொழிலுக்கான நெறிமுறை ஏற்கப்பட்டது. அந்த நாளையே 1986 முதல் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். நெறிமுறை உண்டு, உறுப்பினர்கள் உண்டு, மாநாடுகள் உண்டு. ஆனால் இந்த எழுத்துகள் பெயருக்குப் பின்னால் இல்லையென்றால் வேலையில்லை என்று சொல்லும் அளவுக்கு எந்தத் தகுதியும் இங்கே நிலைபெறவில்லை. தன் வேலையை மூத்தவர்கள் முன்னால் வைத்து விளக்கும் அந்த ஒரு பயிற்சியாவது நம் ஊருக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வகுப்பறை வாசலில்

"சார், நெட் முக்கியமா, எக்ஸ்பீரியன்ஸ் முக்கியமா?"

இதழியல் படிக்கும் எந்தக் கேரள மாணவரும் ஆசிரியரிடம் ஒரு முறையாவது கேட்டிருக்கும் கேள்வி. ஆசிரியராவதுதான் எண்ணம் என்றால் பதில் ஒன்றுதான்: நெட்.

யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஆக சம்பந்தப்பட்ட பாடத்தில் முதுகலையும் 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. அதற்கு மேல் நெட், அல்லது விதிப்படி பெற்ற முனைவர் பட்டம். பல்கலைக்கழகத் துறைகளில் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வர இருந்தது. பிறகு அதை 2023 வரை தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2023இல், நெட் அல்லது செட் போதும், முனைவர் பட்டம் விருப்பம் என்று மாற்றினார்கள். கட்டாயம் என்ற அறிவிப்பை நம்பி அவசர அவசரமாக ஆய்வில் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். விதி மாறும்போதெல்லாம் இளைஞர்களின் வயதுதான் செலவாகிறது.

மக்கள் தொடர்புக்கென்று நெட்டில் தனிப் பாடம் கிடையாது. 'மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம்' என்ற பாடத்தின் பத்து யூனிட்டுகளில் ஐந்தாவதுதான் மக்கள் தொடர்பும் கார்ப்பரேட் கம்யூனிகேஷனும். மீதி ஒன்பதில் இதழியல் வரலாறு, வளர்ச்சித் தொடர்பியல், செய்தி எழுதுதல், விளம்பரம், ஊடகச் சட்டம், சினிமா, ஆய்வு முறை எல்லாம் வரும். இரண்டு தாள், மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் தகுதி கிடைக்கும். தேர்ச்சி பெறுபவர் நன்றாகப் படித்தவர் என்பதில் சந்தேகமில்லை. அவருக்கு ஒரு பத்தி எழுத வருமா என்று மட்டும் அந்தத் தேர்வில் எங்கேயும் யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து கரமனைக்குக் குடிவரும் குடும்பங்கள் ஒரு விஷயத்தில் குழம்பிப்போவது சகஜம். தமிழ்நாட்டில் 'செட்' என்றால் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கான மாநிலத் தகுதித் தேர்வு. கேரளத்தில் 'செட்' என்பது ஹயர் செகண்டரி, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆசிரியருக்கான தேர்வு. திருவனந்தபுரத்தில் இருக்கும் எல்.பி.எஸ். சென்டர்தான் அதை நடத்துகிறது. கேரளப் பள்ளிகளில் பிளஸ் டூவிலேயே ஜர்னலிசம் ஒரு பாடம் என்பதால் இதழியல் முதுகலை படித்தவர்களுக்கு அது ஒரு உண்மையான வேலைவாய்ப்பு. பெரும்பாலான பாடங்களுக்குக் கேட்கும் பி.எட்., ஜர்னலிசத்துக்கு விலக்கு. கல்லூரி ஒன்றையே குறிவைத்து ஆண்டுகளைத் தள்ளுபவர்கள் இந்த வழியைக் கவனிக்காமல் விட்டுவிடுவது வருத்தம் தரும் விஷயம்.

நிரந்தரப் பணி கிடைத்தால் லெவல் 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அது கிடைக்கும்வரை பெரும்பாலோர் நிற்கும் இடம் கெஸ்ட் லெக்சரர் வேலை. கேரளத்தில் அதற்கென்று காலேஜியேட் எஜுகேஷன் துறையின் மண்டலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு கல்லூரிகள் அறிவிக்கும் நேர்காணலுக்குச் சான்றிதழ்க் கட்டோடு போக வேண்டும். அங்கேயும் நெட் உள்ளவருக்கே முன்னுரிமை. அப்படி யாரும் வராவிட்டால்தான் முதுகலையில் 55 சதவீதம் எடுத்தவரைப் பார்ப்பார்கள். கெஸ்ட் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. 2019இல் பரிந்துரைத்தது. கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த ஜூனில் மறுபடியும் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படிப்பவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் மக்கள் தொடர்புக்கென்றே எம்.ஏ. இருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. கரமனையிலிருந்து ரயிலில் போய்ச் சேரும் தூரம்தான். ஆனால் வெளிமாநிலப் பட்டத்தோடு கேரளத்துக்குத் திரும்பி வேலைக்கு விண்ணப்பித்தால், இந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம்தான் என்று காட்டச் சொல்வதுண்டு. அந்தக் காகிதத்தைப் படிப்பு முடிந்த கையோடு வாங்கி வைப்பது நல்லது. கடைசி நேரத்தில் பல்கலைக்கழக கவுன்டரில் நின்று அழுது பயனில்லை.

ஒரு பத்திரிகைக் குறிப்பை வைத்துக்கொண்டு

நெட் படித்தவருக்கு என்ன தெரியும், களத்தில் இருந்தவருக்கு என்ன தெரியும்? தண்ணீர் நின்ற அந்த வாரத்தையே வகுப்புக்குக் கொண்டு வந்தால் இரண்டும் துலங்கிவிடும்.

முதலில் படித்தவர் பக்கம். ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹண்ட் இருவரும் 1984இல் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். விளம்பரச் சத்தம் எழுப்புவது ஒன்று. உண்மைத் தகவலை ஒரு வழியாகக் கொடுத்துவிட்டு நகர்வது இரண்டாவது. மக்களை ஆராய்ந்து, அவர்களை நம் பக்கம் இழுப்பது மூன்றாவது. மக்கள் சொல்வதைக் கேட்டு நாமும் மாறுவது நான்காவது. நெட் எழுதும் எவருக்கும் இது மனப்பாடம். வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று இதை ஒதுக்கக் கூடாது. தண்ணீர் நிறுத்தத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் எது விட்டுப்போனது என்று பளிச்சென்று தெரியும். '48 மணி நேரம் தண்ணீர் வராது' என்று அறிவிப்பது இரண்டாவது மாதிரி. குழாயை வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே வார்டு கவுன்சிலர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் கூப்பிட்டு, எந்தத் தெருவில் தொட்டி இல்லாத வீடுகள் அதிகம், எங்கே லாரி திரும்ப முடியாது, ஓணத்துக்கு முந்தைய வாரத்தை விட்டுவிடலாமா என்று கேட்டு அதற்கேற்ப வேலையை மாற்றுவது நான்காவது மாதிரி. கோட்பாடு தெரிந்த ஆசிரியர் இந்த வித்தியாசத்தை மாணவரின் கண்ணுக்குக் காட்டிவிடுவார்.

அடுத்து களத்தில் இருந்தவர். அவர் வகுப்புக்குள் வந்தால் முதலில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்வார். மாணவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: "ரயில்வே இரட்டைப் பாதைப் பணியின் ஒரு பகுதியாக, பிரதான குடிநீர்க் குழாய்களின் தடம் மாற்றியமைக்கும் பணி நடைபெற இருப்பதால், கீழ்க்கண்ட பகுதிகளில் குடிநீர் விநியோகம் தடைபடும். பொதுமக்கள் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

சிவப்புப் பேனா அப்போது வெளியே வரும். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு முதல் வரியில் வேண்டியது ரயில்வே அல்ல, தன் தெருப் பெயர். இரண்டாவது வேண்டியது எந்த நாள் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது. மூன்றாவது, எத்தனை மணிக்குள் பிடித்து வைக்க வேண்டும் என்பது. லாரி நிற்கும் இடம், கூப்பிட வேண்டிய எண் அதற்கடுத்து. காரணம் கடைசியில் வந்தால் போதும். 'ஒத்துழைக்க வேண்டும்' என்பதைத் தூக்கிவிட்டு, மாநகராட்சிக்கும் வாட்டர் அத்தாரிட்டிக்கும் என்ன கடமை என்று எழுதச் சொல்வார்.

பிறகு 48 என்ற எண்ணுக்கு வருவார். அனுபவமுள்ள பி.ஆர்.ஓ. பொறியாளரிடம் "எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரமாட்டார். "சார், என்னென்ன தப்பினால் இது தள்ளிப்போகும்?" என்று கேட்பார். பழைய குழாயின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் போகலாம், பள்ளத்தில் தண்ணீர் ஊறலாம், வால்வு மக்கர் செய்யலாம். குழாய் சரியான பிறகும் மேட்டுப் பகுதிகளுக்கு அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு நம்பிக்கையான மணிக்கணக்கை விட்டுவிட்டுப் பாதுகாப்பான மணிக்கணக்கை அறிவிப்பார். கூடவே 'அடுத்த தகவல் இன்று மாலை 6 மணிக்கு' என்று ஒரு வரி சேர்ப்பார். ஆறு மணிக்குச் சொல்ல நல்ல செய்தி இல்லையென்றாலும் ஆறு மணிக்குச் சொல்வார்.

அந்த ஒரு வரியின் வலிமையைக் கேரளம் நேரிலேயே பார்த்திருக்கிறது. 2020இல் கொரோனா காலத்தில் முதலமைச்சர் பினராயி விஜயனின் மாலை ஆறு மணிப் பத்திரிகையாளர் சந்திப்புக்காக மாநிலம் முழுவதும் டி.வி. முன்னால் உட்கார்ந்தது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அந்த நேரத்தில் ஒரு தகவல் வரும் என்ற உறுதி இருந்தது. வதந்தி நுழையும் இடைவெளி அதனால் சுருங்கியது.

கடைசியாக மொழி. கரமனை அக்கிரகாரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் வாழ்ந்து பாடிய ஊர் இது. வாடகை அறைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். குறிப்பு மலையாளத்தில் மட்டும் போனால் பாதித் தெருவுக்குப் போய்ச் சேராது. மூன்று மொழியில் மூன்று நான்கு வரி எழுதி, ஆடியோவாகப் பேசி வாட்ஸ்அப்பில் விடுவதும் பத்திரிகைக் குறிப்பில் சேர்ந்ததுதான். எந்தத் தேர்வின் நான்கு விடைகளுக்குள்ளும் இது அடங்காது.

தொழிலிலிருந்து வந்த ஆசிரியர்கள்

கரமனைப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போகும் சாலை நெய்யாற்றின்கரைக்குப் போகிறது. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர். திவான் நிர்வாகத்தை விமரிசித்ததற்காக 1910இல் அவர் ஆசிரியராக இருந்த 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரையும் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தினார்கள். பத்திரிகையை இழந்த அந்த மனிதர் 1912இல் 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' என்ற நூலை எழுதினார். பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்க மலையாளத்தில் எழுதப்பட்ட முதல் நூல் அது. கேரளப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை வந்தது 1976இல்தான். பாடத்துறை வருவதற்கு அறுபது ஆண்டுக்கு மேல் முன்பே பாடநூல் வந்துவிட்டது. எழுதியவர் தொழிலில் அடிபட்டவர்.

மக்கள் தொடர்பிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆந்திர அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையில் பணியாற்றிய சி.வி. நரசிம்ம ரெட்டி பிறகு ஆசிரியராகவும் இதழாசிரியராகவும் மாறினார். 'எஃபெக்டிவ் பப்ளிக் ரிலேஷன்ஸ் அண்ட் மீடியா ஸ்ட்ராடஜி' என்ற அவருடைய பாடநூல் இந்திய உதாரணங்களோடு வந்தது. அமெரிக்கப் பாடநூல்களை மட்டும் வைத்துப் படித்த மாணவர்களுக்கு நம் ஊர் அரசு அலுவலகத்தில் தகவல் எப்படி நகர்கிறது என்று புரிய இப்படிப்பட்ட ஒருவர் எழுத வேண்டியிருந்தது.

இவர்களைப் போன்றவர்கள் வகுப்புக்கு வர, யு.ஜி.சி. 2022இல் ஒரு வழி திறந்தது. அதற்கு 'ப்ரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று பெயர். தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், நெட்டோ முனைவர் பட்டமோ கேட்கப்படாது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம். முதலில் ஓராண்டு, எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவரும் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரும் இதில் வர முடியாது. சம்பளம் நிறுவனங்களிடமிருந்தும் வரலாம், கல்லூரியே கொடுக்கலாம், கௌரவப் பதவியாகவும் இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து நெட் எழுதிக் காத்திருக்கும் இளைஞர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்றவர்களை வைத்து ஓட்டிவிடுவார்களோ என்ற கவலை அது. 2025 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய வரைவு விதிகளை வெளியிட்டபோது கேரளச் சட்டமன்றம் அதே மாதம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. துணைவேந்தர் நியமனம்தான் அதில் பெரிய சண்டை. ஆசிரியர் நியமனத்தில் யார் முடிவெடுப்பது என்ற கவலையும் அதோடு சேர்ந்திருந்தது. நெட் படித்தவரின் இடத்தில் அனுபவசாலியை உட்கார வைப்பது தவறு. அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுவதுதான் சரி. முழுநேர ஆசிரியர் கோட்பாட்டையும் ஆய்வையும் மதிப்பீட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு பிற்பகல், சிவப்புப் பேனாவோடு ஒரு பழைய பி.ஆர்.ஓ. வரட்டும்.

இதற்குத் திருவனந்தபுரம் போல வசதியான ஊர் வேறெது? செக்ரட்டேரியட் இங்கே இருக்கிறது. ரயில்வே கோட்டத் தலைமையகம் இருக்கிறது. தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. மின்வாரியத் தலைமையகம் பட்டத்தில். 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு இணையும்வரை ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரின் தலைமை அலுவலகம் கரமனைக்குப் பக்கத்துப் பூஜப்புரையில்தான் இருந்தது. இத்தனை அலுவலகங்களில் அறிக்கை எழுதியும் நிருபர்களைச் சமாளித்தும் ஓய்வு பெற்றவர்கள் இதே நகரத்தில் காலை நடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு கல்லூரிக்குத் தேவைப்படுவது ஒரு தீர்மானமும் ஒரு கடிதமும்தான்.

சேர்வதற்கு முன் கேளுங்கள்

இந்தத் துறையில் ஆசிரியராக ஆசைப்படும் பிள்ளைக்கு வழி கொஞ்சம் நீளம், ஆனால் தெளிவானது. முதுகலையில் 55 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. படிக்கும்போதே நெட் எழுதத் தொடங்க வேண்டும். முதுகலை கடைசி ஆண்டிலேயே எழுதலாம், உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத்தான் 30 வயது வரம்பு. நெட் கிடைத்ததும் நேராக கெஸ்ட் வேலைக்கு ஓடாமல், இரண்டு மூன்று வருடமாவது ஒரு தகவல் அலுவலகத்திலோ, மருத்துவமனை பி.ஆர். பிரிவிலோ, பத்திரிகையிலோ உண்மையான வேலை பார்க்க வேண்டும். தனியார் நிறுவன அனுபவம் பிறகு பதவி உயர்வுக்குப் பொதுவாகக் கணக்கில் வராது என்பது உண்மைதான். ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டு வகுப்பில் சொல்ல வேண்டிய உதாரணங்கள் அங்கேதான் கிடைக்கும். எழுதிய ஒவ்வொரு குறிப்பையும், அது எங்கே எப்படி வெளியானது என்பதையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது. பிள்ளையை இதழியலிலோ மக்கள் தொடர்பிலோ சேர்க்கும் முன்பு துறைத் தலைவரிடம் நாலு கேள்வி கேட்கலாம். மக்கள் தொடர்புத் தாளை யார் எடுக்கிறார்? களத்தில் வேலை பார்த்தவர் யாராவது மாதம் ஒரு முறையாவது வருகிறாரா? இன்டர்ன்ஷிப்புக்கு எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள், அங்கே பிள்ளைக்கு எழுதும் வேலை கொடுக்கிறார்களா, கோப்பு தூக்கும் வேலையா? ஒரு செமஸ்டரில் ஒரு மாணவர் எத்தனை பத்திரிகைக் குறிப்பு எழுதித் திருத்தி வாங்குவார்? நாலாவது கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லி, திருத்திய தாள்களையும் எடுத்துக் காட்டும் துறை கிடைத்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.